யாருமே இல்லாத பீச்ல சர்ஃபிங்: தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி

வணக்கம் மக்களே. காத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கோங்க. எனக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கோடு தெரியுதுல்ல, அதுதான் ரீஃப், பவளப்பாறைத் திட்டு. கரையிலேர்ந்து நல்ல தூரம். அதுல ஒரு லெஃப்ட், அதாவது இடது பக்கமா ஓடுற அலை, உடையுது. உங்களுக்கு கேமராவுல அது வலது பக்கமா ஓடுற மாதிரி தெரியும். சர்ஃபிங்ல எப்பவும் கரையைப் பாத்து அலைமேல நிக்கிறவங்களோட கைக்கணக்குதான், அதனால இது லெஃப்ட்.

எந்த எடம்னு சொல்ல மாட்டேன். கோச்சுக்காதீங்க. இந்த மாதிரி எடத்துக்கு ரோடும் கெடையாது, ஆஸ்பத்திரியும் கெடையாது. நான் பேரைச் சொல்லி, வீடியோ பாத்துட்டு முதல்தடவை போர்டு தூக்குற யாராவது இங்க வந்து எறங்கினா நல்லா இருக்காது. எடம் முக்கியமும் இல்ல. வெப்பமண்டலத்துல ஒதுக்குப்புறமா இருக்கிற எந்த ரீஃபுக்கும் நான் இன்னைக்குச் சொல்லப்போறது பொருந்தும்.

இந்த மாதிரி ஃபோட்டோ போட்டா எல்லாரும் ஒரே கமென்ட் போடுறீங்க: "சொர்க்கம் ப்ரோ, கூட்டமே இல்ல!" எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்ல. கூட்டம் எரிச்சல்தான், அலைக்குச் சண்டை போடணும், ஒத்துக்கிறேன். ஆனா கூட்டம் நமக்கு நெறைய விஷயத்தைச் சும்மாவே சொல்லிக் குடுக்குது. பத்துப் பேர் ஒரே எடத்துல உக்காந்திருந்தா அலை அங்கதான் எழும்புதுன்னு தெரியும். அவங்க எந்த வழியா வெளிய போறாங்களோ அதுதான் பாதை. திடீர்னு எல்லாரும் கரைக்கு வந்துட்டா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். இங்க அதெல்லாம் கெடையாது. பத்துப் பேர் சொல்ல வேண்டியதை கடலைப் பாத்து நீங்களே தெரிஞ்சுக்கணும்.

அதனால முதல் வேலை உக்கார்றது. போர்டை நெழல்ல வெச்சிட்டு உக்காருங்க. நான் குறைஞ்சது அரை மணி நேரம் பாப்பேன். ஏன் அவ்ளோ நேரம்னா, அலை ஒரே சீரா வராது. நாலஞ்சு பெரிய அலை சேந்து வரும், அதைத்தான் செட்டுன்னு சொல்றோம். அப்புறம் கடல் குளம் மாதிரி ஆயிடும். அடுத்த செட்டுக்கு சில நாள் கால் மணி நேரம்கூட ஆகும். அந்த இடைவெளியில வந்து அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, "அட, சின்ன அலைதான்"னு எறங்கினவங்க நிலைமையை நெனச்சுப் பாருங்க. பாதி வழியில இருப்பாங்க, அப்ப செட் வரும்.

உக்காந்து எதைப் பாக்கணும்? அழகான அலையைப் பாக்காதீங்க, அது தானா கண்ணுல படும். அலை உடையாத எடத்தைப் பாருங்க. அதோ, நுரைக்கு நடுவுல ஒரு கரும்பச்சைப் பட்டை தெரியுதா? அங்க ஆழம் ஜாஸ்தி, அதனால அலை உடையல. ரீஃபைத் தாண்டி உள்ள கொட்டுற தண்ணியெல்லாம் எங்கயாவது திரும்பி வெளிய போகணும்ல, அது அந்த வழியாத்தான் போகும். சேனல்னு சொல்லுவோம். வெளிய போறதுக்கு அருமையான வழி, தண்ணியே இழுத்துட்டுப் போயிடும். திரும்பி வர்றப்ப அதே வழியில நேரா வராதீங்க. வேகமான இழுவை வினாடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். ஒலிம்பிக்ல நீந்துறவங்களே அந்த வேகத்துல ஒரு 100 மீட்டர்தான் தாக்குப்பிடிப்பாங்க. மாட்டிக்கிட்டா எதுத்து நீந்தாம பக்கவாட்டுல ஒதுங்கி, அலை உடையுற பக்கம் போய், நுரையோட கரைக்கு வாங்க. போர்டை மட்டும் விட்டுடாதீங்க, அதுதான் உங்க மிதவை.

பக்கத்துல மீன்பிடிப் படகு இருந்தா ரொம்ப நல்லது. அது எந்த வழியா வெளிய போகுது, எந்த நேரத்துல போகுதுன்னு பாருங்க. பல வருஷமா அந்தக் கடலைப் பாத்தவங்க போற வழி அது. கேட்டா சொல்லவும் செய்வாங்க.

சரி, இப்ப எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். ஸ்வெல். தூரத்துல அடிச்ச புயல் கெளப்பி விட்டு, கடல்ல உருண்டு வர்ற அலைக்குத்தான் அந்தப் பேரு. அலையைக் கணிச்சுச் சொல்ற ஃபோர்காஸ்ட் ஆப்பைத் திறந்ததும் எல்லாரும் முதல்ல பாக்குறது உயரம். ஒன்றரை மீட்டர், ரெண்டு மீட்டர். அதுக்குப் பக்கத்துலயே செகண்ட்ல ஒரு நம்பர் இருக்கும், பீரியட். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல எத்தனை வினாடின்னு அது சொல்லுது. என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல பாக்கணும்.

ரெண்டு நாளை எடுத்துக்கோங்க. ரெண்டு நாளும் உயரம் ஒன்றரை மீட்டர். ஒரு நாள் பீரியட் 8 வினாடி, இன்னொரு நாள் 16. ஆழ்கடல்ல 8 வினாடி அலையோட நீளம், அதாவது ஒரு முகட்டுலேர்ந்து அடுத்த முகடு வரைக்கும், கிட்டத்தட்ட 100 மீட்டர். 16 வினாடிக்கு 400 மீட்டர். பீரியட் ரெண்டு மடங்கானா நீளம் நாலு மடங்கு. நீளத்துல பாதி ஆழம் வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும். அப்போ முதல் அலை 50 மீட்டர் ஆழத்துலதான் தரையை உணருது, ரெண்டாவது அலை 200 மீட்டர் ஆழத்துலயே உணர்ந்து, வேகம் குறைஞ்சு, வளைஞ்சு, உயரம் ஏற ஆரம்பிச்சுடும். கரைக்கு வர்றப்ப அதே ஒன்றரை மீட்டர், ஆப்ல பாத்ததைவிட ரொம்பப் பெருசா நிக்கும். அது கொண்டு வர்ற சக்தியும் ரெண்டு மடங்கு. ஆப்ல உயரம் மாறவே இல்ல, கடல் முழுசா மாறியிருக்கும்.

இந்த அலை இங்க பொறந்ததே இல்ல, அது தெரியுமா? வெப்பமண்டலக் கடல்ல தெனமும் இவ்ளோ பெரிய அலையைக் கெளப்புற காத்து கெடையாது. இந்தியப் பெருங்கடல் பக்கமும் பசிபிக் தீவுகள்லயும் ஜூன், ஜூலைல வர்ற பெரிய ஸ்வெல்லெல்லாம் தெற்கே 40, 50 டிகிரி அட்சரேகைல அடிக்கிற குளிர்காலப் புயல்ல பொறந்தது. 16 வினாடி ஸ்வெல் கூட்டமா நகர்ற வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் மாதிரி. நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. 5,000 கிலோமீட்டர் தள்ளி அடிச்ச புயல், உங்க போர்டுக்கு அடியில வந்து சேர அஞ்சு நாள் கிட்ட ஆகும். பெரிய பீரியட் வேகமா ஓடும், அதனால அது முதல்ல வந்து சேரும். காலையில நீளமான, சோம்பலான அலை ரெண்டு மூணு அங்கங்க வர ஆரம்பிச்சா பின்னாடி பெருசா வருதுன்னு அர்த்தம்.

இதை நிரூபிச்சவர் வால்டர் மங்க்னு ஒரு கடலியல் விஞ்ஞானி. ரெண்டாம் உலகப்போர்ல படைங்க கரையிறங்குறதுக்காக அலையைக் கணிக்கிற முறையை ஹரால்டு ஸ்வெர்ட்ரப்போட சேந்து உருவாக்கினவர். இன்னைக்கு உங்க ஃபோன்ல இருக்கிற ஆப்புக்கெல்லாம் அவங்க வேலைதான் அடிப்படை. 1963-ல அவரும் அவர் குழுவும் நியூசிலாந்துலேர்ந்து அலாஸ்கா வரைக்கும் பசிபிக் குறுக்கால கருவிகளை வெச்சு, தெற்குல பொறந்த ஸ்வெல் ஒவ்வொரு நிலையத்தையும் தாண்டிப் போறதை அளந்தாங்க. புயல் எல்லையை விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம் அந்த ஸ்வெல் வழியில ரொம்பக் கொஞ்சம் சக்தியைத்தான் இழக்குது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல! எனக்கு இதை எத்தனை தடவை படிச்சாலும் சலிக்காது.

அவ்ளோ தூரம் வந்த சக்தி கடைசில எங்க போய் முடியுதுன்னா, இந்தப் பாறைமேல. மணல் பீச்ல ஆழம் மெதுவா குறையும், அலையும் மெதுவா சரியும். ரீஃப்ல ஆழம் சட்டுனு குறைஞ்சுடும். மாடிப்படி தடுக்கினவன் மாதிரி அலையோட கால் நின்னுடும், தலை முன்னாடி பாயும். அதுதான் ட்யூபு, பேரல்னு எல்லாரும் ஏங்குறது. பொதுவா ஒன்றரை மீட்டர் அலை 2 மீட்டர் ஆழத்துல உடையும். செங்குத்தான ரீஃப்ல அதைவிடக் கம்மியான தண்ணிலயே உடையும். அழகா உடையுதுன்னாலே கீழ தண்ணி கம்மின்னு மனசுல வெச்சுக்கோங்க.

பாறையோட வடிவம்தான் எல்லாம்ங்கிறதுக்கு நியாஸ் தீவு ஒரு சாட்சி. இந்தோனேசியா, சுமத்ராவுக்கு மேற்கே. அங்க லகுந்திரி விரிகுடா 1970-கள்லேர்ந்தே சர்ஃபர்களுக்குத் தெரிஞ்ச எடம். 2005 மார்ச் மாசம் அங்க 8.6 அளவுல நிலநடுக்கம் வந்து ரொம்பப் பேர் உயிரிழந்தாங்க. அதே நிலநடுக்கம் கடலடிப் பாறையை மேல தூக்கிடுச்சு. அதுக்கப்புறம் அந்த அலை முன்னைவிட வேகமா, குழலா உடைய ஆரம்பிச்சது. அதே ஸ்வெல்தான், தரை மட்டும்தான் மாறுச்சு.

தரை உசந்தா என்ன ஆகுமோ, கிட்டத்தட்ட அதே வேலையை ஓதம், அதாவது கடல்தண்ணி ஏறி வத்துறது, தெனமும் செய்யுது. தண்ணி வத்தினா பாறை மேல வந்த மாதிரிதான். நெறைய ரீஃப் தண்ணி ஏறியிருக்கிறப்ப மட்டும்தான் விளையாடத் தகுந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வத்துறப்ப சாதாரண நாளைவிட ஜாஸ்தி வத்தும், அந்த நாள்ல கூடுதல் கவனம் வேணும். ஏறுற, வத்துற நேரம் தெனமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போயிட்டே இருக்கும், நேத்து பத்து மணிக்கு நல்லா இருந்துச்சுன்னு இன்னைக்கும் பத்து மணிக்கு எறங்காதீங்க. ஓத அட்டவணையை நெட் இருக்கிற எடத்துலயே டவுன்லோட் பண்ணிடுங்க. காத்தைப் பத்தி ஒரு வரி போதும்: விடியற்காலைல கரையிலேர்ந்து கடலுக்கு வீசும், அலை வழவழன்னு நிக்கும். வெயில் ஏறினதும் கடல்காத்து வந்து கலைச்சுடும். சீக்கிரம் எந்திரிங்க.

சாமான் விஷயம். லீஷ், அதாவது போர்டைக் காலோட இணைக்கிற கயிறு, ரெண்டு வெச்சுக்கோங்க. அறுந்தா போர்டு போயிடும், பாறைமேல நீங்க மட்டும் தனியா. 1971-ல பாட் ஓ'நீல் இதைக் கொண்டு வந்தப்ப ஆஸ்பத்திரில பயன்படுத்துற ரப்பர் ட்யூபுதான் கட்டியிருந்தாங்க. அது இழுபட்டு போர்டை அப்படியே திருப்பி எறிஞ்சுடும். வெட்சூட்டுக்கு, அதாவது குளிர்ந்த தண்ணில போடுற ரப்பர் உடுப்புக்கு, பேர் போன அவங்க அப்பா ஜாக் ஓ'நீல் அந்த மாதிரி ஒரு அடியிலதான் ஒரு கண்ணை இழந்தாரு. இப்ப இருக்கிற லீஷ் எவ்வளவோ தேவலாம். ஆனாலும் விழுந்து மேல வர்றப்ப ஒரு கை தலைக்கு மேல இருக்கணும். போர்டுக்கு அடியில மாட்டுற துடுப்பு மாதிரியான ஃபின்னும் அதுக்கான சாவியும் கூடுதலா ஒண்ணு எடுங்க. கால் வழுக்காம இருக்க போர்டுல பூசுற வேக்ஸ், வெப்பக்கடலுக்குன்னு இருக்கிற கெட்டியான வகை, இல்லன்னா உருகி வழியும்.

விழுறப்ப தலைகீழாவோ, காலை நீட்டியோ குதிக்காதீங்க. கை கால் விரிச்சு, தட்டையா, தண்ணி மேல்மட்டத்துலயே விழப் பாருங்க. அப்படி விழுந்தும் ஒரு நாள் பாறை கிழிக்கத்தான் செய்யும். பவளக் காயம் பாக்க சின்ன சிராய்ப்பு மாதிரி இருக்கும், ஆனா உள்ள சுண்ணாம்புத் துகளும் பாக்டீரியாவும் தங்கிடும். வலிச்சாலும் பரவாயில்லன்னு நல்ல தண்ணி, சோப்பு போட்டு, மெல்லிசான பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவணும். சர்ஃபர்கள் நடுவுல ஒரு பழக்கம் இருக்கு, காயத்துல எலுமிச்சம்பழத்தைப் பிழியுறது. தயவுசெஞ்சு வேண்டாம். அது சுத்தம் பண்ணுறதுக்கு பதிலா தசையை எரிக்குது. அந்தச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளமே வரும். சுத்தி செவப்பு பரவுது, காய்ச்சல் அடிக்குதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கெளம்புங்க. டெட்டனஸ் ஊசி ஊர்லயே போட்டுட்டு வாங்க. விஷ முள்ளு இருக்கிற கல்மீனை மிதிச்சிட்டா தாங்குற அளவு சூடான தண்ணி, 45 டிகிரி வரைக்கும், அதுல காலை வெச்சா வலி குறையும். வெச்சுட்டு அப்படியே டாக்டர்கிட்ட போகணும், அதோட விட்றாதீங்க.

எந்த போர்டுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. நீங்க வழக்கமா ஓட்டுறதைவிட கொஞ்சம் நீளமானது. கையால தண்ணியைத் தள்ளி, பேடில் பண்ணி சீக்கிரமே அலையைப் பிடிச்சுடலாம். ரீஃப்ல போர்டுமேல லேட்டா எந்திரிச்சு நிக்கிறதுதான் ஆபத்து.

அப்புறம், தனியா எறங்கலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. வேண்டாம் தம்பி. நான் கேமரா முன்னாடி தனியா இருக்கேனே தவிர தண்ணிக்குத் தனியா போறதில்ல. என்கூட வந்த ஃப்ரெண்ட் வீடியோவுல வர மாட்டாங்க, அவங்க இப்ப வெளிய சேனல் பக்கம் இருக்காங்க. எங்களுக்குள்ள ரெண்டே சைகை. ஒரு கையைத் தூக்கி ஆட்டினா உதவி வேணும். கையைத் தலைமேல வளைச்சு வட்டமா காட்டினா எல்லாம் சரி. சுத்தி ஆள் இல்லாத எடத்துல இந்த ரெண்டையும் எறங்குறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கணும். அலைச் சத்தத்துல கத்தினா கேக்காது.

தண்ணி ஏறிட்டு இருக்கு, நான் எறங்குறேன். கேள்வி இருந்தா கீழ போடுங்க, நெட் கெடைக்கிற எடத்துக்குப் போனதும் பதில் போடுறேன்.