படத்தில் கடல் எங்கே?

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "கடல் ஓவியம் என்கிறீர்கள். ஒரு வள்ளமோ அலையோ இல்லை. கறுப்புக்குள் ஒரு வெள்ளைக் கீறல்தான் இருக்கிறது. இதில் கடல் எங்கே?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, அந்தப் படம் வந்த கதையைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் ஒரு பங்குனி மாதம் பெரியப்பாவோடு கடலுக்குப் போனேன். நிலவில்லாத இரவு. வலையை விட்டுவிட்டு, என்ஜினை நிறுத்திப் படுத்திருந்தோம். திடீரென்று பக்கத்தில் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. மீன் வாடையோடு ஈரம் முகத்தில் விழுந்தது. திமிங்கிலம். அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கம் நீலத் திமிங்கிலம் வருவது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். பெரியப்பா வாயே திறக்கவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. இதில் நான் வாலை வரைந்தால் பொய்யாகிவிடும்.

அப்புறம்தான் அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லின் 'மொபி டிக்' படித்தேன். ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்திப் போகும் கதை, 1851இல் வந்த நாவல். பொறுமை வேண்டும், பல இடங்களில் எனக்கே தூக்கம் வந்தது. ஆனால் 42ஆம் அத்தியாயத்தில் மனிதர் திமிங்கிலத்தின் உடம்பை விட்டுவிட்டு, வெள்ளை நிறம் ஏன் பயமுறுத்துகிறது என்றே பேசிக்கொண்டிருக்கிறார். என் வெள்ளை அங்கிருந்து வந்தது. ஃபிராங்க் ஸ்டெல்லா என்ற அமெரிக்க ஓவியர் அந்த நாவலின் 135 அத்தியாயங்களின் பெயர்களிலும் படைப்புகள் செய்திருக்கிறார். அலையும் திமிங்கிலமும் அவரிடம் வெறும் வளைவுகளாகிவிடுகின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? சம்பந்தர் நம்முடைய கோணமாமலையை 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்றுதானே பாடுகிறார். முதலில் கடலின் இரைச்சல் வருகிறது, முத்து பிறகுதான். நீலம் என்ற சொல்லே அந்த அடியில் இல்லை.

அந்தக் கீறலைத் தூரிகையால் போடவில்லை. கன்வஸில் முதலில் வெள்ளை பூசிக் காயவிட்டேன். மேலே கறுப்பு அக்ரிலிக்கைத் தடிப்பாக அப்பி, அது காய முன்னம் பழைய வலைத்துண்டு ஒன்றை அழுத்தி ஒரே இழுவையில் இழுத்தேன். கை கொஞ்சம் தயங்கினாலும் சேறு மாதிரி ஆகிவிடும். மூன்று கன்வஸ் வீணாய்ப் போனது.

பெரியப்பாவுக்குப் படம் பிடித்ததோ தெரியாது. கீறலின் ஓரத்தில் இருந்த வலைத் தடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "மூன்றரை அங்குலக் கண்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.