ஓடை விரிக்கும் விசிறி: செவ்வாயிலும் நமது அலைகரையிலும்

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே, வேலைப்பளுவின் நடுவிலும் வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தர்களே, கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களே, செயலாளர்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னைப் போன்றவர்களுக்குத் தைரியம் தரும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை, இந்த ஊரின் குளக்கட்டை நாற்பது ஆண்டுகளாகக் காவல் காத்த நம் மூத்த கமக்காரர் ஐயாவின் தோளுக்கே உரியதாகக் கருதி, அவருக்கு அணிவிக்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

ஓடும் நீர் மண்ணை விசிறியாக விரிக்கும் விதம், அதே விசிறி வேற்றுக் கோள்களில் காணப்படும் செய்தி, நம் முன்னோர் குடியிருப்புக்கு நிலம் தெரிந்த முறை என மூன்று விடயங்களைப் பேச எண்ணி வந்திருக்கிறேன். மூன்றுக்கும் அடியில் "வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்" என்ற ஒரே பழமொழிதான் கிடக்கிறது.

மலையிடுக்கில் ஒடுங்கி ஓடும் ஆறு ஆழமும் வேகமும் கொண்டிருப்பதால் கல்லையும் மணலையும் சேற்றையும் ஒன்றாக உருட்டிக்கொண்டு வருகிறது. இரு பக்கச் சுவர்களும் விலகிச் சமவெளி திறக்கும் வாயிலில் அதே நீர் அகலமாகப் பரவி, ஆழம் குறைந்து, சுமக்கும் வலுவை இழக்கிறது. களத்தில் நெல் தூற்றுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: மணி காலடியில் விழுகிறது, சப்பி அப்பால் போகிறது. அவ்வாறே கல் வாயிலிலும், மணல் அதற்கப்பாலும், சேறு கடைசி ஓரத்திலும் படிகின்றன. படியப் படிய ஓடும் தடமே உயர்ந்துவிடுவதால், ஆறு பக்கத்துப் பள்ளத்தைத் தேடிப் பாய்ந்து அங்கும் படிவிக்கிறது. இப்படி இடமும் வலமுமாக நூற்றாண்டுகளாக மாறி மாறி வீசியதன் தடமே வண்டல் விசிறி.

இமயத்திலிருந்து பீகார்ச் சமவெளிக்கு இறங்கும் கோசி ஆறு தன் பெருவிசிறியின் மீது ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில் 100 கிலோமீற்றருக்கும் அதிகமாக மேற்கே நகர்ந்தது. அதை இரு கரைகளுக்குள் அடக்கியபோது வண்டல் முழுவதும் உள்ளேயே தங்கி ஆற்றின் படுகையை உயர்த்தியது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் கரை உடைந்தபோது, ஆறு மறந்திருந்த பழைய கிழக்குத் தடங்களில் பாய்ந்து இலட்சக்கணக்கானோரை இடம்பெயரச் செய்தது. அணை கோலுவதென்றால் மண்ணைக் குவிப்பது மட்டுமன்று, மண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதும்தான்.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தது பல்கலைக்கழகமன்று; சிவப்பி என்ற பசுவும் என் அப்புவும். பத்து வயதிருக்கும். சிறுபோகம் முடிந்து குளத்து நீர் வற்றியிருந்த ஒரு மாலையில், சிவப்பியின் கன்று பட்டிக்குத் திரும்பவில்லை. அப்பு முன்னே நடக்க, நான் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னே போனேன். ஓடை குளத்துக்குள் இறங்கும் இடத்தில் கன்று நின்றது. அதற்கும் எனக்கும் நடுவே, நிலா வெளிச்சத்தில் தட்டுப்போல மினுங்கிய வெளி கிடந்தது. குறுக்கே போனால் விரைவில் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். ஆறாவது அடியில் தொடை வரை சேற்றுக்குள் இறங்கிவிட்டேன். விளக்கு அணைந்தது. நான் அழுத அழுகையில் கன்று தானாகவே தாயிடம் ஓடிப்போயிற்று. அப்பு பதறவில்லை. நெடுந்தூரம் சுற்றி, ஓடை வாயிலின் பருமணல் வழியாக நடந்து வந்து, சால்வையை வீசி என்னை இழுத்தெடுத்தார். "ராசா, மினுங்கிற இடத்தில கால் வையாதை. பருமணல் கிடக்கிற பக்கமாய் நட, அது தாங்கும்," என்றார். வீட்டுக்குப் போகும் வரை அவர் வேறொன்றும் பேசவில்லை. வாயிலில் பருமணல், ஓரத்தில் சேறு என்ற அந்த ஒழுங்கைப் பின்னாளில் நூலில் படித்தபோது, என் தொடையில் அந்தக் குளிர் மறுபடி ஏறியது.

நிற்கும் நீருக்குள் படிவதைக் கழிமுகம் என்றும், உலர்ந்த நிலத்தில் படிவதை விசிறி என்றும் அறிஞர்கள் வேறுபடுத்துவார்கள், இரண்டும் உடன்பிறப்புகளே. செவ்வாயில் இரண்டும் இருக்கின்றன. கியூரியோசிற்றி ஊர்தி 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கி, வட விளிம்பிலிருந்து வந்த விசிறியின் அடிவாரத்தருகே உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள் ஒட்டிய பாறையைப் படமெடுத்தது. காற்றினால் உருட்ட இயலாத பருமன் அது. கணுக்காலளவிலிருந்து இடுப்பளவு வரை ஆழமான ஓடை அங்கே பாய்ந்ததாகக் கணித்தார்கள். 2021 பெப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசெரோ பள்ளமோ, ஏறத்தாழ 45 கிலோமீற்றர் அகலமான, முன்னொரு காலத்தில் நீர் நிறைந்து நின்ற ஏரி. ஆறு உள்ளே வந்த வாயிலில் அதன் கழிமுகம் மூன்று பில்லியன் ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே கிடக்கிறது. சனியின் துணைக்கோளான டைட்டனில் திரவ மெதேனே ஓடி, பனிக்கட்டிக் கற்களை மழுக்கியிருக்கிறது. 2005 ஜனவரியில் அங்கே இறங்கிய ஹைஜென்ஸ் விண்கலம் அவற்றைக் கண்டது. நேரம் கருதி அதை விரிக்காமல் விடுகிறேன்.

ஜெசெரோவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் குளங்களே கண்ணில் வருகின்றன. கனகராயன் ஆறு இரணைமடுவுக்குள் வரும் வாயிலிலும், பேராறு முத்தையன்கட்டுக்குள் வரும் வாயிலிலும், பெயர் தெரியாத ஓடைகள் நம் சிறு குளங்களுக்குள் வரும் வாயிலிலும் இதே வேலை நடக்கிறது. உள்ளே வந்து படியும் ஒவ்வொரு வண்டி மண்ணும் ஒரு வண்டி நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கிருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

பழைய குளங்களுக்கு மேற்பக்கம் மரச்சோலையும், அதற்கு அப்பால் புல்வெளியும் விடப்பட்டிருந்தன. வேகமாக வரும் நீர் அங்கே தடுக்கப்பட்டு, மண்ணைப் புல்லுக்குள் விட்டுவிட்டுக் குளத்துக்குள் நுழைந்தது. விசிறி குளத்துக்கு வெளியே விழுந்தது. இன்று அந்தச் சோலையை வெட்டி, குளத்து நீர் வந்து தொடும் மேற்பக்க ஓரமான அலைகரை வரை உழுகிறோம். ஓடைக் கரையில் இரவோடிரவாக மணல் அள்ளப்படுவதால் கரை இடிந்து, அந்த மண்ணும் குளத்துக்கே வருகிறது. குளக்கட்டை உயர்த்தப் பணம் கேட்டு மனு எழுதும் நாம், அலைகரைக்கு ஒரு மருதமரம் நடுவதில்லை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்றால், முதல் அணை கட்டுப்பக்கத்திலன்று, ஓடைப்பக்கத்திலேயே கோலப்பட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

குடியிருப்பு நிலம் பற்றிய மூன்றாவது விடயத்துக்கு வர, தலைவர் அவர்கள் மணியைக் காட்டிவிட்டார்கள். வாசலில் மேசைமீது ஒரு கொப்பி இருக்கிறது. காலபோக மழைக்கு முன்னர் அலைகரையில் மரம் நடச் சம்மதிப்பவர்கள், தங்கள் குளத்தின் பெயரையும், அதற்குள் ஓடை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்பதையும் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.