எட்டி நிற்கச் சொல்லும் இடம்

அவையோர்க்கு வணக்கம். படிப்பை முடித்து, வேலையில் சேருமுன் மாதக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றிவரப் புறப்படும் பிள்ளைகள் இப்போது நம் சேலத்திலும் இருக்கிறார்கள். போகிற வழியில் வனவிலங்கு மறுவாழ்வு மையம் ஒன்றைப் பார்க்க வேண்டும், முடிந்தால் தங்கி உதவ வேண்டும் என்று அவர்களில் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. நல்ல விருப்பம். நெடும்பயணங்களில் அத்தகைய இடங்களுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது ஒன்றே: எந்த மையம் உங்களை விலங்கிடமிருந்து எட்டி நிற்கச் சொல்கிறதோ, அதை நம்புங்கள்.

நம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா மக்கள் வந்து பார்ப்பதற்காக இருப்பது. மறுவாழ்வு மையமோ, அடிபட்டோ தாயை இழந்தோ வந்த உயிரைத் தேற்றி மீண்டும் காட்டுக்கு அனுப்புவதற்காக இருப்பது. நாற்றங்காலில் வளரும் பயிர் நடவு வயலுக்கு உரியது அல்லவா?

இலங்கையின் உடவளவையில், தேசியப் பூங்காவை ஒட்டி, அந்நாட்டு வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் காப்பகம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். நேரம் வந்ததும் குட்டிகள் முண்டியடித்து ஓடிவருகின்றன. பராமரிப்பாளர் புனலை உயர்த்திப் பிடித்துப் பாலை ஊற்ற, அதில் பொருத்திய குழாயின் மறுமுனையை வாயில் வாங்கிய குட்டி மளமளவென்று குடித்து முடித்து, இன்னும் வேண்டுமென்று தும்பிக்கையால் துழாவுகிறது. அடுத்ததற்கு இடம்விட அதை நகர்த்திவிடுகிறார்கள். கொஞ்சுவதற்கு அங்கே நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. நாம் தொலைவிலுள்ள மேடையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஏறத்தாழ ஐந்து வயதில், கூட வளர்ந்தவற்றோடு சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் அப்படிப் போயிருக்கின்றன. அதே நாட்டின் பின்னவலையில் 1975 முதல் யானைகளைப் பேணிவருகிறார்கள். அங்கே அருகில் போகலாம். ஆனால் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது அந்த இடத்தின் வேலையன்று. இரண்டையும் ஒன்றென எண்ணிச் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கலாம். மனிதரைக் கண்டு அஞ்சாமல் வளர்ந்த யானை, காட்டில் விட்ட பிறகும் மனிதர் இருக்கும் இடம் தேடியே வரும். விளைநிலத்தில் இறங்கும் யானைக்கும் அதை விரட்டும் உழவருக்கும் என்ன நேர்கிறது என்பதைத் தருமபுரியின் அண்டை வீட்டாராகிய நாம் அறிவோம்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் 1964இல் தொடங்கிய செப்பிலோக் மையம் ஒராங்குட்டான் என்னும் வாலில்லாக் குரங்குகளுக்கு உரியது. குட்டி ஆறேழு ஆண்டுகள் தாயோடு இருந்து மரமேறவும், தின்னத்தக்க பழத்தை அறியவும், இலைகளால் படுக்கை பின்னவும் கற்கும் இனம் அது. தாய் இறந்தால் அத்தனையையும் மையம்தான் பழக்க வேண்டும். அங்கே மேடையில் வைக்கும் உணவை வேண்டுமென்றே நாள்தோறும் சலிப்பூட்டும்படி ஒரே மாதிரியாக வைக்கிறார்கள். வேறு சுவை வேண்டுமென்றால் காட்டுக்குள் தேடிக்கொள்ளட்டும் என்பதே எண்ணம். மேடைக்கு ஒன்றுகூட வராத நாளில் பயணிகள் முகம் வாடுகிறது. மையத்துக்கோ அது நல்ல நாள். நம் சளியும் காய்ச்சலும் அவற்றுக்கு எளிதில் தொற்றும் என்பதும் தள்ளி நிற்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான இடங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகள், தாயிடமிருந்து பிரித்த சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்க, தன்னார்வலர் என்ற பெயரில் வெளிநாட்டு இளைஞர்களிடம் பணம் வாங்கின. மனிதர் கையில் வளர்ந்த அந்தக் குட்டிகளைக் காட்டில் விட முடியாது. வளர்ந்தபின் அவற்றில் பல, வேலியிட்ட நிலத்தில் பணம் கட்டிச் சுடுவோருக்கு விற்கப்பட்டன. பாலூட்டிய பிள்ளைகள் அன்போடுதான் ஊட்டினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே போகுமுன் எழுதிக் கேளுங்கள்: சென்ற ஆண்டு எத்தனை உயிர்களைக் காட்டில் விட்டீர்கள்? இங்கே இனப்பெருக்கம் செய்விக்கிறீர்களா? வருகிறவர் விலங்கைத் தூக்கலாமா? தூக்கலாம் என்று பதில் வந்தால் அந்த ஊரைக் கடந்து போய்விடுங்கள். நெடும்பயணம் போகிறவரிடம் மற்றவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அது நாள். சில வாரம் தங்கிக் கூண்டு கழுவவும் பழம் நறுக்கவும் ஆள் கேட்கும் மையங்கள் பல உண்டு.

இதற்காகக் கடல் கடக்க வேண்டும் என்பதுமில்லை. ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிஸ்கட்டுக்காகச் சாலையோரம் காத்திருக்கும் குரங்குகளை வண்டிச் சக்கரத்தருகே கொண்டுவந்தது நம் கைதான். அந்தக் கையை வண்டிக்குள் வைத்துக்கொள்வோம். காப்பித் தோட்டத்தில் பறக்கப் பழகும் குஞ்சு கீழே கிடந்தால் எடுத்து வராதீர்கள், தாய் அருகில்தான் இருக்கும். நாயும் பூனையும் அண்டாமல் கிளையில் ஏற்றிவிட்டால் போதும். அடிபட்டிருந்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, பாலோ தண்ணீரோ ஊட்டாமல், அன்றே வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அதில் அடங்கும்.