புறாவை ஏன் கொடுக்கிறாய் என்று கேளுங்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோவில் மண்டபத்தில் பெற்றோரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசை காலியாக இருக்கிறது. பரவாயில்லை, தலைப்பு அப்படி. நோட்டீஸில் 'தற்கொலை' என்று பார்த்ததும், "அந்த வார்த்தையைக் கோவிலில் வைத்துப் பேசலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, வீட்டிலும் பேசுவதில்லை, பள்ளியிலும் பேசுவதில்லை. இங்கேயாவது பேசுவோமே.

நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருந்தவன். ஒருநாள் காலை, படிவம் 4 மாணவன் ஒருவன் அட்டைப்பெட்டியோடு என் அறைக்கு வந்தான். உள்ளே நான்கு புறா. மூச்சுவிட பேனாவால் ஓட்டை போட்டிருந்தான். "சார், நீங்க வச்சுக்குங்க" என்றான். தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் அவனே கூடு அடித்து வளர்த்தவை. தம்பியைக்கூடத் தொட விடமாட்டான். ஏன் என்று கேட்டால், "பரீட்சை வருது, அதான்."

உயிராய் வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுப்பது, தூக்கம் கெடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று விளையாட்டுபோல் சொல்வது, இதெல்லாம் அடையாளம் என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். ஆனாலும் அன்று எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கேட்டுவிட்டேன்: "தம்பி, செத்துப்போகலாம்னு தோணுதா?"

அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. பெட்டிக்குள் புறா மட்டும் குனுகியது. அப்புறம் "ஆமா சார்" என்றான்.

கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தவறான நம்பிக்கை என்றே சொல்கிறது. கேட்டபின், "உனக்கு என்னடா குறை? பால்மரம் வெட்டி உன்னை வளர்க்கலையா?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளை அத்தோடு வாயை மூடிவிடும்.

அன்று அவனைத் தனியே விடவில்லை. அவன் அப்பாவை வரவழைத்து, மூவருமாக அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். அப்பாவின் கவலை என்ன தெரியுமா? மோட்டாரை வாசலில் நிறுத்தினால் ஊர் பார்த்துவிடுமாம். சுகருக்கும் பிரஷருக்கும் பாதி ஊரே அங்கேதானே வரிசையில் நிற்கிறது! இவர் எதற்கு வந்தார் என்று 1 ரிங்கிட் கட்டி வாங்கும் சீட்டில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

அவருக்கு இன்னொரு பயம், போலீஸ். அதில் அர்த்தம் இருந்தது. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் போடலாம் என்று தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. 2023இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. இனி இது மருத்துவரிடம் சொல்லும் விஷயம், அவ்வளவுதான்.

அந்தப் பையன் குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இடையில் ஒருமுறை சறுக்கினான். புறாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை. தீனி போட மட்டும் என் வீட்டுக்கு வந்துவிடுவான்.

இவன் ஒருவன்தானா? 2022இல் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. எட்டில் ஒருவருக்கு அந்த எண்ணம் வந்திருந்தது. 40 பேர் வகுப்பென்றால் ஐந்து பேர்.

தோட்டத்து வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள்; வைத்தே ஆக வேண்டுமென்றால் பூட்டி, சாவியை இடுப்பில் வையுங்கள். அந்த எண்ணத்தின் உச்சம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்தன.

ராத்திரி நேரத்தில் யாரிடம் பேசுவது என்றால், மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல், 15555. தமிழில் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 999.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச விரும்புகிறவர்கள் வரலாம். மற்றவர்கள் தயவுசெய்து, "அவங்க எதுக்கு அங்கே போனாங்க?" என்று கேட்காமல் சாப்பிடப் போங்கள்.