பெரியவனுக்கு அம்மை, சின்னவளுக்கு எப்போது?

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனி வந்தால் என்னைப் போன்ற குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கொசுக்கடின்னு விட்டுட்டேன் டாக்டர். காலையில எண்ணெய் வைக்கும்போது பார்த்தா தலையிலயும் இருக்கு." தலையில் என்றதுமே எனக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சட்டையைத் தூக்கினால் வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்திலேயே நீர் கோத்த முத்து, சற்றுத் தள்ளிக் காயத் தொடங்கிய இன்னொன்று. மூன்றும் ஒரே இடத்தில் கலந்து நின்றால் அது பெரும்பாலும் சின்னம்மைதான்.

"எத்தனை நாள்ல இறங்கும்?" என்று அம்மா கேட்பார். வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். ஏனென்றால் இந்த நோய் ஒரு பிள்ளையோடு நிற்பது அபூர்வம். முன்பு அம்மை வராத, தடுப்பூசியும் போடாத பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால், ஏறக்குறைய ஒன்பது பேருக்குத் தொற்றிக்கொள்ளும். தொற்றியதும் உடனே தெரியாது. 10 நாளிலிருந்து 21 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில்தான் வெளியே தெரியும். பெரியவனுக்குத் தலைக்கு ஊற்றி, வாசலில் செருகிய வேப்பிலை காய்ந்து, அப்பாடா என்று அம்மா உட்காரும் நேரத்தில் சின்னவளுக்கு உடம்பு சுடும்.

வீட்டுக்குள் இரண்டாவதாக அம்மை வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் முத்துகள் கூடுதலாகப் போடும். பள்ளியில் சிறிது நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வது வேறு, இரவு பகலாக அண்ணன் மூச்சுக்காற்றிலேயே கிடந்து வாங்குவது வேறு அல்லவா? அதனால்தான் பெரியவனைக் காட்ட வரும்போதே சின்னவளையும் கூட்டி வாருங்கள் என்கிறேன். அவளுக்கு ஒரு வயது முடிந்து, இதுவரை ஊசி போடாமல் இருந்தால், அண்ணனுக்கு முத்து தெரிந்த 3 நாளுக்குள், தவறினால் 5 நாளுக்குள், தடுப்பூசி போட்டுவிடலாம். பல பிள்ளைகளுக்கு நோயே வராது. வந்தாலும் லேசாகப் போய்விடும். அந்த நாட்களும் தாண்டிவிட்டதா? சரி, அப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் வந்தால், அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து தேவையா என்று பார்த்துக் கொடுப்போம். நாலு நாள் கழித்து வந்தால் அந்த மருந்தால் பெரிய பலன் இருக்காது.

இந்தத் தடுப்பூசியே ஓர் அப்பாவின் தவிப்பில் பிறந்ததுதான். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி டாக்காஹாஷி 1964-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய 3 வயது மகனுக்கு அம்மை கடுமையாகப் போட்டது. ஊர் திரும்பியவர், 1974-இல் தடுப்பூசியை உருவாக்கிவிட்டார். நம் நாட்டில் அரசு இலவசமாகப் போடும் ஊசிகளின் பட்டியலில் இது இல்லை. தனியாகக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், இரண்டு தவணை. விலை கூடத்தான். பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

பெரியவர்கள் சொல்லும் முறைகளுக்கு வருவோம். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறிலிருந்து 28 நாள் மாரியம்மனே பச்சைப்பட்டினி இருக்கிறாள். அவளுக்குப் படைப்பது துள்ளுமாவும் இளநீரும் பானகமும். அம்மை கண்ட பிள்ளைக்கும் இளநீர், மோர், நுங்கு எல்லாம் நல்லதுதான். வாயில் புண் இருந்தால் உறைப்பு எரியும், குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு போவதுதான் இறங்கும். ஆனால் பத்தியம் என்று பிள்ளையை வெறும் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் போட்டுவிடாதீர்கள். பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், கேட்டால் முட்டையும் கொடுக்கலாம். தாளிக்கக் கூடாது என்பதால் ஒரு கெடுதலும் இல்லை, அதில் நான் தலையிடுவதில்லை.

வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் மனதாரப் பாராட்டுவேன். பார்த்ததுமே ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள். மருந்தே கொடுக்கக் கூடாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அது பெரியம்மைக் காலத்துப் பயம். அன்று கொடுக்க மருந்தும் இல்லை. அந்த நோய் 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை, 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள்.

தண்ணீர் ஊற்ற நாள் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்க வைக்கலாம். வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீர் என்றாலும் சரி. தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுங்கள். உடைந்த முத்தின் மேல் அரைத்த விழுதை அப்பாதீர்கள், சீழ் பிடிக்கும். காலமைன் தடவினால் அரிப்பு அடங்கும். அதைவிட முக்கியம், நகத்தை ஒட்ட வெட்டுவது. தழும்பு விழுவது பெரும்பாலும் சொறிந்து புண்ணான இடத்தில்தான்.

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கலாம். இபுபுரூபனும் வேண்டாம். பாராசிட்டமாலோடு அதையும் கலந்த சிரப்புகள் பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நிற்கின்றன. அட்டையைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தால், நடை தள்ளாடினால், மூச்சு வாங்கினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினால், முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் எப்படிப் பிரித்து வைப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆறுதல். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். கூடப்பிறந்ததைப் பிரிக்கவில்லையே என்று மனம் நோக வேண்டாம். பிரிக்க வேண்டியது வேறு சிலரை: அம்மை வராத கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர். இவர்கள் ஏற்கெனவே பிள்ளையோடு இருந்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், காத்திருக்காதீர்கள். எல்லா முத்தும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. சின்னவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அந்த மூன்று வாரத்துக்குள் வளைகாப்பு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம், தாத்தாவுக்கு அக்கி வந்திருந்தால் அதுவும் இதே கிருமிதான். சின்ன வயதில் வந்த அம்மை நரம்புக்குள் ஒளிந்திருந்து, வயதான பின் அக்கியாகக் கிளம்புகிறது. காவியால் அக்கி எழுதினால் அது போகாது. கொப்புளம் காயும்வரை அதை மூடி வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளை மடியில் தூக்காமல் இருக்கட்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களே, உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா? தெரியாவிட்டால் இன்றைக்கே உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். போடவில்லை என்றால் உங்களுக்கும் ஊசி உண்டு. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது. போட்ட பின்னும் ஒரு மாதமாவது கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.