ஆறு மணி ஒத்திகை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் உள்ள வீடு எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பை ஒரு மூலையில் கிடக்கும். அன்று நடந்ததைச் சொல்லிவிடப் பிள்ளை ஒரு காதைத் தேடிக்கொண்டிருக்கும். வந்திருப்பது பசியா, தூக்கமா, கோபமா என்று அதற்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. சிறிய நாடகக் குழுக்களில் ஒத்திகை தொடங்குவதும் இதே ஆறு மணிக்குத்தான். நடிகர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள் என்பதால், அவர்கள் வேலை முடித்து வந்து சேரும் நேரமே நாடகத்தின் நேரமாகிவிடுகிறது. ஆக, பிள்ளையும் நாடகமும் என்னிடம் கேட்பது ஒரே மூன்றரை மணி நேரத்தைத்தான். இன்று நான் பேச வந்திருப்பது இந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றி மட்டுமே.

நான் ஒரு சிறு நாடகக் குழுவின் கலை இயக்குநர். அந்தப் பெயர் கேட்பதற்குப் பெரியதாக இருக்கிறது. பெரிய அரங்குகளில் அது உண்மையிலேயே பெரிய பொறுப்பு. ஆண்டு முழுவதும் எந்தெந்த நாடகங்கள் நடக்கும், அவற்றை யார் இயக்குவார்கள், எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதையெல்லாம் அவர் முடிவு செய்வார். மேடை மேலாளர், ஒளியமைப்பாளர், கணக்கர் என்று மற்ற வேலைகளுக்கு ஆட்கள் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட எங்களைப் போன்ற குழுவிலோ நாடகத்தைத் தேர்ந்தெடுப்பவரும், அதை இயக்குபவரும், நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுபவரும், இரவு கடைசியாக விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவரும் ஒரே ஆள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடிகர் வராமல் இருக்கலாம். சாவி வைத்திருப்பவர் வராமல் இருக்க முடியாது. என் பதவியின் உண்மையான பொருள் அந்தச் சாவிதான் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் நான் எங்கும் பேசியதில்லை என்று என் குழுவினர் கேலி செய்வார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அடுத்த அறையில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. நான் ஓடிப் போனபோது மகன் சில்லுகளுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல், சில்லுகளைப் பார்த்தபடியே, நிறுத்தக்கூடாத இடங்களில் எல்லாம் நிறுத்தி, பாதி அழுகையோடு, "எடுத்தேன், கை வழுக்கிடுச்சு" என்பதை ஏறக்குறைய அரை நிமிடம் எடுத்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சரியாக விளங்கவில்லை. அதனால், பழக்கத் தோஷத்தில், ஒத்திகையில் நடிகர்களிடம் சொல்வது போலவே, "இன்னொரு தடவை சொல்லு, மெதுவா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றேன். அவன் மறுபடி சொன்னான். இந்த முறை அழுகை இல்லை, சொற்கள் தெளிவாக இருந்தன, கண்கள் என்னைப் பார்த்தன; கூடவே ஒரு காற்றும் வந்து சேர்ந்திருந்தது. காற்று அடித்ததால் கை வழுக்கியதாம். சன்னல் மூடியிருந்தது. மூன்றாம் முறை கேட்டபோது அந்தக் காற்று பெரிதாகிக் கதவையே திறந்துவிட்டிருந்தது. அப்போது பக்கத்து அறையிலிருந்து மகள், "அம்மா, அவன் உங்க ஒத்திகைக்கு வரல" என்றாள்.

குழந்தைகள்தான் நமக்கு ஆசிரியர்கள் என்று மேடைகளில் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவன் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. திட்டு வாங்காமல் தப்பிக்கப் பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் நான் அந்த நிகழ்ச்சியிலிருந்து இரண்டு காரியங்களை எடுத்துக்கொண்டேன். முதலாவது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, உடைந்த பொருளையே பார்க்கிறார் என்பது. அப்போது நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தில், ஒருவர் தன் அண்ணனிடம் பணத்தைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லும் காட்சி பல நாளாகச் சரிவராமல் இருந்தது. அண்ணனைப் பார்க்காமல் கையிலிருக்கும் காலிப் பையைப் பார்த்துப் பேசச் சொன்னேன்; அன்றே சரியாகிவிட்டது. இரண்டாவது, திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால் தெளிவு கூடும், உண்மை குறையும் என்பது. நான் அதுவரை ஒரு காட்சியைப் பதினைந்து முறை செய்ய வைக்கும் இயக்குநராக இருந்தேன். ஐந்தாறு முறைக்குப் பிறகு நடிகர் தேடுவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே கண்டுபிடித்ததைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குகிறார் என்பதை அந்தக் கிண்ணம் உடைந்த பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு காட்சிக்கு எடுத்துக்கொண்ட நேரம் அதனால் பாதியாகியது. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்: வீட்டில் நடந்த ஒன்று, ஒத்திகையின் நேரத்தைக் குறைத்தது.

இனி நேரத்துக்கு வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் எல்லாரையும் ஆறு மணிக்கு வரச் சொல்லி, எல்லாரையும் ஒன்பதரைக்கு அனுப்பி வந்தேன். நாடகத்தின் பிற்பகுதியில் இரண்டே இரண்டு வசனம் பேசுகிறவரும் மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அதை நான் கட்டுப்பாடு என்று நினைத்தேன். பிறகு வேறொரு குழுவில் நடிக்கப் போனேன். மகளுக்கு அப்போது நான்கு மாதம். ஆறு மணிக்குப் போய், எட்டரை மணிவரை காத்திருந்த பிறகு, "இன்று உங்கள் காட்சிக்கு நேரமில்லை, நாளை பார்க்கலாம்" என்றார்கள். பால் கட்டி வலிக்கும் மார்போடு வீடு திரும்பிய அந்த இரவில், என் குழுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு நான் கைக்கொண்ட முறை புதியது அல்ல. பிரெஞ்சுச் செவ்வியல் நாடகங்களில், மேடைக்கு ஒருவர் வந்தாலோ மேடையை விட்டு ஒருவர் போனாலோ அங்கே புதிய காட்சி என்று எண்ணிடும் வழக்கம் உண்டு. இடம் மாறியிருக்க வேண்டியதில்லை, ஆள் மாறினால் போதும். அதே கணக்கில் எங்கள் நாடகப் பிரதியைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறேன். ஒன்றரை மணி நேர நாடகம் முப்பது, நாற்பது துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டிலும் யார் யார் மேடையில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால், ஒரே ஆட்கள் இருக்கும் துண்டுகளைச் சேர்த்து ஒரே மாலையில் வைத்துக்கொள்ளலாம். வானொலியில் கட்டம் போட்டுக் காட்ட முடியாது என்பதால், பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்கு எந்த மணியில் எந்த ஆசிரியர் என்று அட்டவணை போடுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆசிரியரும் காலை முதல் மாலைவரை எல்லா வகுப்பு வாசலிலும் காத்து நிற்பதில்லை. நடிகரை மட்டும் ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்?

இந்த முறையிலும் குறை இருக்கிறது. தன் துண்டுக்கு மட்டும் வந்து போகிறவருக்கு முழு நாடகமும் தெரியாமல் போகும். மற்றவர் பேசுவதைக் கேட்கும் பழக்கமும் குறையும். எனவே முதல் வாரம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து படிக்கிறோம், கடைசிப் பத்து நாள் எல்லாரும் சேர்ந்து முழுதாக ஓட்டிப் பார்க்கிறோம். இடைப்பட்ட வாரங்களில்தான் துண்டுக் கணக்கு. இன்னொரு குறையை எங்கள் இளம் நடிகர் ஒருவர் எடுத்துச் சொன்னார். பிள்ளை பெற்றவர்களுக்கு எப்போதும் ஆறு மணி, மற்றவர்களுக்கு எப்போதும் எட்டரை மணியா என்று கேட்டார். அவர் வீட்டில் படுக்கையில் இருக்கும் தந்தையை இரவில் பார்த்துக்கொள்வது அவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொருவரிடமும் எந்த நேரம் இயலாது என்று மட்டும் கேட்கிறேன், காரணம் கேட்பதில்லை. அட்டவணை போடுவது எழுத்தர் வேலை, கலைஞருக்கு அது தேவையில்லை என்று சொல்லும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். நேரத்தை வகுப்பதும் இயக்கத்தில் ஒரு பகுதிதான் என்பது என் உறுதியான எண்ணம். யார் மேடையில் இருக்கப் போகிறார்கள் என்பதை அந்த அட்டவணையே தீர்மானிக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு நடிக்க வராமல் போன பெண்களில் எத்தனை பேர் உண்மையில் நடிப்பை விட்டார்கள், எத்தனை பேர் அந்தக் காத்திருப்பை மட்டும் விட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரத்தில் எந்த அட்டவணையும் நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளியும் ஒலியும் சேரும் ஒத்திகையில், விளக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, சரிபார்த்து, மறுபடி தொடங்குவோம். அமெரிக்க நாடக உலகில் 12-க்கு 10 என்றே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 12 மணி நேரத்துக்குள் 10 மணி நேர வேலை என்று பொருள். அந்த வாரம் என் கணவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகளிடம் நான் முன்கூட்டியே, எந்த நாள் தொடங்கி எந்த நாள்வரை என்று சொல்லிவிடுகிறேன். "சீக்கிரம் வந்துவிடுவேன்" என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஒருமுறைகூட அது உண்மையாக இருந்ததில்லை.

மற்ற நாட்களில் பிள்ளைகள் ஒத்திகைக் கூடத்துக்கு வருவதுண்டு. மகள் மேசைக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே எல்லார் வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஒருவர் தடுமாறியபோது மேசைக்கு அடியிலிருந்து அடுத்த வரி வந்தது, அவரும் குனிந்து பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். இதைப் பார்த்தவர்கள் அவளை நடிக்க வைக்கலாமே என்கிறார்கள். நான் தயங்குகிறேன். ஜப்பானின் பழைய நாடக வடிவமான நோவின் முன்னோடி செயாமி, நாடகக்காரரான தன் தந்தை கன்ஆமியிடமே தொழில் கற்றவர். ஏழு வயதில் பயிற்சி தொடங்கலாம், ஆனால் அந்த வயதில் பிள்ளை தானாகச் செய்வதைச் செய்ய விட வேண்டும், நல்லது கெட்டது என்று கண்டித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை ஊக்கம் இழந்துவிடும் என்று 1400-ஆம் ஆண்டு வாக்கிலேயே அவர் எழுதி வைத்தார். என்னால் கண்டிக்காமல் இருக்க முடியுமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிண்ணம் உடைந்த கதையை நீங்களும் கேட்டீர்கள்.

நம் நாடக வரலாற்றிலும் பிள்ளைகள் உண்டு. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, தம் தமையன்மாரோடு அதில் சேர்ந்த, பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகரான டி. கே. சண்முகத்துக்கு ஆறு வயது. நான்கு மணி நேரம் நடக்கும் நாடகம் ஒன்றைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம், அவர் துறவி, அந்த இரவில் அவரை யாரும் தண்ணீர் கேட்டு எழுப்பியிருக்க மாட்டார்கள் என்று எனக்குள் சிறு பொறாமை எழும். பிறகுதான், சபை நிறையப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்களே, அவர்களில் யாராவது கட்டாயம் எழுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று பிள்ளைகள் வீட்டை விட்டு நாடகத்துக்குள் குடிபுகுந்தார்கள். நாங்கள் வீட்டையும் நாடகத்தையும் ஒரே மாலைக்குள் வைத்திருக்கப் பார்க்கிறோம்.

பிள்ளைகளை மேடையேற்றும்போது கவனிக்க வேண்டியவற்றை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு நிமிடம்தான் மிச்சம் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். எனவே ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். மேடையில் குழந்தை இருக்கும் நாட்களில், அதைப் பார்த்துக்கொள்வதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் பின்மேடையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட பொறுப்பாளருக்கு உரிமம் வேண்டும். ஒருவர் 12 பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளவும் கூடாது. சிறு குழுவில் உரிமம், சட்டம் எல்லாம் இல்லாமல் போகலாம், ஆனால் ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் இயக்குநராக இருக்கக் கூடாது. இயக்குநர் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தையின் அம்மாவே இயக்குநர் என்றால் இன்னும் கூடாது.

நன்றி, வணக்கம்.