கடுக்காயிலிருந்து தொடங்குங்கள்

அவையோருக்கு வணக்கம். இயற்கைச் சாயமும் கைத்தறியும் கற்றுத்தரும் பயிலரங்குகளை நடத்திவரும் உங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: புதிதாக வருகிறவருக்கு நிறத்தைக் காட்டுவதற்கு முன்பு, நிறம் நூலில் தங்குவதற்கான வேலையைக் கற்றுக்கொடுங்கள்.

மஞ்சள் கரைத்த நீரில் வெள்ளைத் துணியை முக்கினால் சில நிமிடங்களில் கண்ணைப் பறிக்கும் நிறம் கிடைக்கிறது. வெயில் பட்டதும் அது வெளுத்துவிடுகிறது. பீட்ரூட் சாறும் அப்படியே. இவற்றை மட்டும் செய்து பார்த்தவர், இயற்கைச் சாயமே நில்லாது என்று முடிவுகட்டிவிடுகிறார். ஆனால் சோழமண்டலக் கரையில் சாயவேர் என்னும் செடிவேரின் சிவப்பும் அவுரி இலையின் நீலமும் ஏற்றி, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய துணிகளுள் எஞ்சியவை அருங்காட்சியகங்களில் இன்றும் நிறத்தோடு இருக்கின்றன.

அந்த உறுதிக்குக் காரணம் முன்வேலை. பருத்தியில் இயல்பாகவே உள்ள மெழுகைச் சலவைச் சோடா இட்டுக் கொதிக்கவைத்து நீக்க வேண்டும். பின்னர் கடுக்காய் நீரில் ஊறவைத்தால் அதன் துவர்ப்பு நூலைப் பற்றிக்கொள்ளும். அடுத்து வரும் படிகாரத்தின் அலுமினியம் அந்தத் துவர்ப்பைப் பற்றும். சாயம் அலுமினியத்தைப் பற்றும். இதை விரிவுரையாகச் சொல்லிப் பயனில்லை. ஒரே துணியில் மூன்று துண்டுகள் வெட்டி, ஒன்றை வெறுமனே விட்டு, ஒன்றுக்குக் கடுக்காய் மட்டும், மற்றொன்றுக்குக் கடுக்காயும் படிகாரமும் ஏற்றி, மூன்றையும் சிவப்பு தரும் மஞ்சிட்டி வேரின் சாயமுள்ள ஒரே பானையில் கற்பவர்களை இடச் சொல்லுங்கள். அலசியபின் அவர்களே வேறுபாட்டைக் கண்டுகொள்வார்கள். நிறம் அடர்த்தியாக வரும் என்பதற்காகப் பொட்டாசியம் டைகுரோமேட் போன்ற நச்சு உப்புகளைத் தொடக்கநிலையாளர் கையில் கொடுப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

அவுரிக்கு இந்தக் கடுக்காயும் படிகாரமும் தேவையில்லை. அதன் நீலம் நீரில் கரையாதது. சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் கரையும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் நூல் காற்றுப் பட்டு நீலமாகும். ஒருமுறை நெடுநேரம் ஊறவைப்பதைவிட, பலமுறை முக்கிக் காற்றாட விடுவதே நல்லது.

சாயத்தில் நேர்ந்த குறை தறியில்தான் வெளிப்படும். சிட்டத்தை, அதாவது நூற்கற்றையை, இறுக்கிக் கட்டினால் கட்டின் அடியில் சாயம் ஏறாது. அந்த வெள்ளைத் திட்டு நெய்யும்போது துணியின் நடுவே வந்து நிற்கும். ஆகையால் தாம் சாயமிட்ட நூலையே கற்பவர்கள் ஊடையாக, அதாவது குறுக்கிழையாக, போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நெடுக்கிழைகளாகிய பாவை ஓட்டி, இழை இழையாக, அவற்றைத் தூக்கும் விழுதிலும் ஊடையை அடித்துச் சேர்க்கும் அச்சிலும் கோப்பது நெடிய வேலையாதலால், முதல் நாளில் ஆயத்தமான பாவைத் தந்துவிடலாம். ஆனால் அறுந்த இழையை முடிச்சிட்டு இணைப்பதை அன்றே பழக்குங்கள். ஊடையை இழுத்துப் பிடித்தால் துணியின் ஓரம் உள்வாங்கும். சற்றே சாய்வாக விட்டு அடித்தால் ஓரம் நேராக நிற்கும். முதலில் நெய்த துணியில் ஓரம் வளைந்திருந்தால் நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள். அடுத்த சாண் துணியை அவரே நெய்து சரிசெய்யட்டும்.